தன்ஜா நகரில் ஒரு ஞாயிறு

 

ஒரு மௌலவி பயணக் கட்டுரை எழுதுகிறார் என்றால், அது மக்காவைப் பற்றியோ மதீனாவைப் பற்றியோ பைத்துல் முகத்தஸைப் பற்றியோ இருக்கும் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இம்முறை நான் உங்களை அழைத்துச் செல்லப்போவது ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்கு. அதுவும் ஒரு முஸ்லிம் நாட்டில், மசூதி ஒன்றின் அருகில் நிற்கும் தேவாலயத்துக்கு. முகஞ்சுளிக்காமல் கடைசி வரை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் இதை எழுதுகிறேன் என்பது முடிவில் உங்களுக்கே விளங்கும்.

இப்னு பதூதாவின் ஊர்

2019 டிசம்பர் மாதம், அறபு மொழி கற்பிப்போருக்கான ஒரு பயிற்சிக்காக மொரோக்கோவின் தலைநகர் றபாத்துக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் இரண்டு நாட்கள் கையில் மிச்சமிருந்தன. கூட வந்தவர்கள் பாஸ் நகருக்கும் மராக்கிஷுக்கும் புறப்பட்டார்கள். நான் மட்டும் வடக்கே தன்ஜாவுக்குப் போக முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் தான்ஜியர் என்பார்களே, அந்த ஊர்தான்.

காரணம் இப்னு பதூதா. நமது நாட்டு முஸ்லிம் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் தவறாமல் படிக்கும் பெயர். 1304இல் தன்ஜாவில் பிறந்தவர். 1344இல் மாலைதீவிலிருந்து கடல்வழியாக நமது கரைக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாதமலைக்கு ஏறி, தெவுந்தரை, காலி, கொழும்பு என்று சுற்றியவர். நம் ஊரைத் தேடி இவ்வளவு தூரம் வந்த மனிதரின் ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

றபாத்திலிருந்து தன்ஜாவுக்கு 2018 நவம்பரில் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. ‘அல் புறாக்’ என்று பெயர். கெனித்ராவைத் தாண்டியதும் மணிக்கு 320 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். பழைய நகரின் ஒடுங்கிய சந்து ஒன்றில், வெள்ளையடித்த சிறிய அறைக்குள் அந்தப் பெரும் பயணியின் கப்று என்று சொல்லப்படும் இடம் இருக்கிறது. அவர் அங்கேதான் அடங்கியிருக்கிறாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எங்கே இருந்தாலும் துஆ போய்ச் சேரும் அல்லவா? அவருக்காக துஆச் செய்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய நகரின் வாசலுக்கு வெளியே உள்ள பெரிய சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தேன். வெளிச்சந்தை என்ற பொருளில் ‘ஸூக் பர்ரா’ என்று அதைச் சொல்கிறார்கள். 1947 ஏப்ரல் 9ஆம் திகதி சுல்தான் ஐந்தாம் முஹம்மத் தன்ஜாவில் ஆற்றிய உரையின் நினைவாக, அந்தத் திகதியையே சதுக்கத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1917இல் கட்டப்பட்ட ஸீதி பூ அபீத் பள்ளிவாசல். பல வண்ண ஓடுகள் பதித்த அதன் மினாரா வெயிலில் மின்னுகிறது.

வியாழனும் ஞாயிறும் ஜபாலா மலைக் கிராமத்துப் பெண்கள் சந்தைக்கு வரும் நாட்கள். கம்பளி நூல் குஞ்சங்கள் தொங்கும் அகன்ற வைக்கோல் தொப்பி, இடுப்பில் சிவப்பும் வெள்ளையும் கோடிட்ட துணி. புதினாக் கட்டுகளையும், பனையோலையில் வைத்த வெண்ணிறப் பாற்கட்டியையும், முட்டையையும் தரையில் பரப்பிக்கொண்டு ஒரு நீண்ட மதிலோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாயிடம் பாற்கட்டி கொஞ்சம் வாங்கினேன். நான் பேசிய இலக்கண சுத்தமான அறபைக் கேட்டு அந்தத் தாய் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஜும்ஆ குத்பாவில் பேசுவதைப்போல் பேரம் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்!

அவர்கள் சாய்ந்திருந்த மதில் எதனுடையது என்று அண்ணாந்து பார்த்தேன். உயர்ந்த மரங்களுக்கிடையே சதுரமான ஒரு கோபுரம் தெரிந்தது. மினாரா என்றுதான் முதலில் நினைத்தேன். உச்சியில் பறந்த கொடியில் சிலுவை இருந்தது.

மினாரா போன்றதொரு கோபுரம்

அதுதான் புனித அந்திரேயா தேவாலயம். ஆங்கிலேயர்களின் அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. இந்த நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? மொரோக்கோவின் சுல்தான் முதலாம் ஹஸன். 1880களில் தன்ஜாவில் வாழ்ந்த பிரித்தானியருக்கு வணக்கத்தலம் கட்டிக்கொள்ள அவர் காணி அன்பளிப்புச் செய்தார். முதலில் எழுந்த சிறிய கட்டடம் போதாமற்போகவே, இப்போதிருக்கும் கட்டடம் 1894இல் கட்டி முடிக்கப்பட்டது. 1905இல் முறைப்படி அர்ப்பணம் செய்யப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1912ஆம் ஆண்டளவில் தன்ஜாவில் தங்கியிருந்தபோது, தமது ஹோட்டல் ஜன்னலிலிருந்து தெரிந்த இந்தத் தேவாலயத்தைத் தீட்டிய ஓவியம் இன்று மொஸ்கோவில் இருக்கிறது.

மதிலுக்குள் போனால் தேவாலயத்தைச் சுற்றிலும் மையவாடி. ‘தி டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபராக நெடுங்காலம் மொரோக்கோவிலிருந்து எழுதிய வோல்ட்டர் ஹெரிஸ் இங்கே அடக்கப்பட்டிருக்கிறார். 1933இல் மறைந்த அவர் மொரோக்கோ மக்களின் நண்பராக இருந்தார் என்று கல்லிலே பொறித்திருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த விமானப்படையினரின் கற்கள். ஒரே விமானத்தில் போனவர்களின் கற்கள் தோளோடு தோள் உரசுவதுபோல் நெருக்கி நிற்கின்றன. எந்த மார்க்கத்தவராயினும் அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

வாசலருகே ஒரு காவலர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. ஆச்சரியப்பட்டு, “நீங்கள் முஸ்லிமா?” என்று கேட்டுவிட்டேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார், கூட்டுவதை நிறுத்தாமல்.

“முஸ்லிமாகிய நீங்கள் இங்கே...?”

அவர் நிமிர்ந்து இடுப்பிலே தொங்கிய சாவிக் கொத்தைத் தட்டிக் காட்டினார். “இது அமானிதம்” என்றார். அவ்வளவுதான். வேறு விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அமானிதத்தைப் பற்றி எத்தனை வருடங்களாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன்! அந்தச் சொல்லுக்கு இப்படியொரு உதாரணத்தை என் புத்தகங்கள் எதிலும் நான் கண்டதில்லை.

“உள்ளே ஆராதனை தொடங்கப் போகிறது. பார்ப்பதென்றால் பின்வாங்கில் உட்காரலாம்” என்றார்.

நான் தயங்கி நின்றேன். மறைப்பானேன்? தேவாலயத்துக்குள் நுழைவது பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருவங்கள் இருக்கும் தேவாலயங்களுக்குள் நாம் நுழைவதில்லை என்று உமர் (றழி) அவர்கள் சொன்னதாகவும், உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (றழி) அவர்கள் தொழுததாகவும் புகாரியில் வருகிறது. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே தமது வணக்கத்தை நிறைவேற்றிக்கொண்ட செய்தியை ஸீறா நூல்கள் கூறுகின்றன. இவையெல்லாம் ஒரு கணத்தில் மனதிலே ஓடின. ஆனாலும் என் தயக்கத்துக்குக் காரணம் மஸ்அலா மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அந்த வருடம் ஏப்ரல் 21ஆம் திகதியை எந்த இலங்கையனால் மறக்க முடியும்? உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தவர்கள் நம் பெயர்களைச் சூடியவர்கள். நான் படித்த அதே அறபு எழுத்தைத் தங்கள் கொடியிலே எழுதிக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட நான், தாடியும் தொப்பியுமாக, ஒரு ஞாயிறு காலையில், முன்பின் தெரியாத ஒரு தேவாலயத்தின் கதவருகே நிற்கிறேன். என்னைக் கண்டு உள்ளே இருக்கும் ஒரு பிள்ளை பயந்துவிட்டால்? அதுதான் என் கால்களைக் கட்டியது.

காவலர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக உள்ளே விட்டார்.

வளைவின் மேல் அறபு எழுத்து

உள்ளே போனதும் ஒரு கணம் பாஸ் நகரின் மத்ரஸா ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்ற மயக்கம் ஏற்பட்டது. குதிரை லாட வடிவ வளைவு, நுணுக்கமான செதுக்கு வேலை, மரத்தாலான முகடு. எல்லாம் மொரோக்கோக் கைவினைஞர்களின் கைவண்ணம். நம் கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அதுவும் அங்கிலிக்கன் ஆலயமே. ஆனால் அதன் கல்தூண்கள் கண்டிய ராஜசபை மண்டபத்தின் பாணியில் எழுந்தவை.

முன்பக்கத்துப் பெரிய வளைவைச் சுற்றி அறபு எழுத்து ஓடியது. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாத தொழில் என்னுடையது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கிறிஸ்தவர்கள் ‘கர்த்தருடைய செபம்’ என்று சொல்லும் துஆ. இறைவனை அவர்கள் அழைக்கும் முறை வேறு. நம் அகீதா வேறு. அந்த வேற்றுமையை மறைக்கவோ குழப்பவோ நான் வரவில்லை. ஆயினும் அந்த துஆவின் உள்ளே இருப்பதென்ன? அன்றன்றைய உணவைக் கேட்கிறார்கள். தமக்குத் தீங்கு செய்தவரைத் தாம் மன்னித்ததைச் சொல்லித் தமக்கும் மன்னிப்புக் கேட்கிறார்கள். தீமையிலிருந்து காக்கும்படி இறைஞ்சுகிறார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன் சிதறிப்போன அந்த ஆலயங்களில் எத்தனை பேரின் உதடுகளில் இந்த துஆ இருந்திருக்கும் என்று எண்ணியபோது, அதற்குமேல் என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

சுவரிலே நினைவுப் பலகைகள். அவற்றில் ஒன்று எமிலி கீன் என்ற ஆங்கிலப் பெண்மணியை நினைவுகூர்வது. நம் வாசக சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டிய பெண். 1849இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1873இல் வஸ்ஸான் நகரின் ஷரீபை நிக்காஹ் செய்தார். நபிகளாரின் குடும்ப வழியில் வந்தவர் என்று மக்கள் போற்றிய மனிதர் அவர். வேதம் கொடுக்கப்பட்ட பெண்ணை மணப்பது நம் மார்க்கத்தில் ஆகுமானதே. எமிலி கடைசி வரை கிறிஸ்தவராகவே இருந்தார். பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடும் பழக்கத்தை அந்த மக்களிடையே கொண்டுவந்தவர் என்று இன்றும் அவரை நன்றியோடு பேசுகிறார்கள். 1944இல் தன்ஜாவில் காலமானார்.

அந்த வாரத்துச் செய்திகள்

ஆங்கிலேயக் கோயில் என்றால் வெள்ளைக்காரர்கள் நிறைந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஓய்வூதியம் பெறும் வயதுடைய ஆங்கிலேயர் சிலர் இருந்தது உண்மைதான். மற்ற வாங்குகளை நிறைத்திருந்தவர்கள் ஆபிரிக்கர்கள். நைஜீரியா, கானா, இன்னும் பல நாட்டவர். பளபளக்கும் தலைப்பாகை கட்டிய பெண்கள், முதுகிலே குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்ட தாய்மார், இஸ்திரி போட்ட பழைய சட்டையணிந்த வாலிபர்கள்.

அவர்கள் ஏன் இந்த ஊருக்கு வருகிறார்கள் என்பதைக் கடற்கரையில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். ஜிப்றோல்டர் நீரிணையின் மிக ஒடுங்கிய இடம் 14 கிலோமீற்றர் மட்டுமே. தெளிவான நாளில் ஸ்பெயினின் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. கடவுச்சீட்டும் விசாவும் உள்ளவன் கப்பலில் ஏறி ஒரு மணி நேரத்தில் அக்கரையில் இறங்குகிறான். இல்லாதவன் ரப்பர் படகில் இரவில் இறங்குகிறான். அக்கரை சேராதவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடல்தான் அறியும்.

அது அவர்களுடைய ‘திருவருகைக் காலம்’. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை அவர்கள் காத்திருப்புக் காலமாகக் கொள்கிறார்கள். திருச்சபையின் ஆண்டுக் கணக்கும் இதில்தான் ஆரம்பமாகிறது. பச்சை இலைகளால் வட்டமாகச் செய்த வளையத்தில் மெழுகுவர்த்திகள். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருவார்கள். அன்று மூன்றாவது ஞாயிறு. மூன்றாவதை ஏற்றுவதற்கு ஒரு சிறுமி வந்தாள். அவளுக்கு எட்டவில்லை. ஒரு முதியவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்து, மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நம் ஊர்ப் பள்ளியில் பிறை பார்க்க ஏணியில் ஏறிய சிறுவயது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆராதனையின் நடுவே அறிவித்தல்கள் வாசிக்கப்பட்டன. வாசகர்களே, ஒரு சமூகத்தை அறிய வேண்டுமானால் அதன் அறிவித்தல்களைக் கேளுங்கள். ஜும்ஆவுக்குப் பின் நம் பள்ளிவாசல் செயலாளர் எழுந்து நின்று வாசிப்பாரே, அதே குரல், அதே இருமல்!

அடுத்த ஞாயிறு மாலை நத்தார் கீதங்கள் பாடப்படும், அயலவர்களும் வரலாம். நத்தார் தினத்து ஆராதனைக்குப் பின் தனித்திருப்பவர்களுக்குச் சாப்பாடு உண்டு, சமைக்கக் கூடியவர்கள் பெயர் கொடுக்கவும். குளிர் கூடிவிட்டது, போர்வைகளும் கம்பளிச் சட்டைகளும் குழந்தைப் பால்மாவும் கொண்டுவந்து பெட்டியில் போடவும். இன்ன சகோதரி பிள்ளை பெற்றிருக்கிறாள், தாயும் சேயும் நலம். இன்ன சகோதரர் இரண்டு வாரமாக வரவில்லை, அவரைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லவும்.

கடைசி அறிவித்தலின்போது சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. ஒருவர் இரண்டு வாரம் வரவில்லையென்றால் அக்கரையில் இருப்பார், அல்லது கடலில் இருப்பார். குருவானவர் கடலில் இருப்போருக்காகப் பிரார்த்தித்தார். நானும் உள்ளுக்குள் என் முறையில், என் றப்பிடம் கேட்டேன்.

தேநீரும் ஒரு கேள்வியும்

ஆராதனை முடிந்து முற்றத்தில் தேநீர் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. முதுகில் குழந்தையுடன் ஒரு பெண் சிநேகமாகப் பேச்சுக் கொடுத்தார். வட நைஜீரியாவைச் சேர்ந்தவராம்.

“எந்த நாடு?” என்று கேட்டார்.

“இலங்கை.”

ஒரு நொடி யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஈஸ்டர்” என்றார்.

என் நாட்டைத் தேயிலையாலும் கிரிக்கெட்டாலும் அறிந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த ஒற்றைச் சொல்லால் அறிந்தவரை அன்றுதான் சந்தித்தேன். கோப்பை கையில் நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்: “சகோதரி, நான் ஒரு முஸ்லிம் ஆசிரியன். அதைச் செய்தவர்கள் எங்கள் பெயரை வைத்திருந்தவர்கள். எங்கள் உலமா சபை அவர்களைக் கண்டித்தது. அவர்களின் ஜனாஸாவை ஏற்க மாட்டோம் என்றுகூடச் சொன்னது.” சொல்லச் சொல்ல, நீதிமன்றத்தில் நிற்பவன் போல என் குரல் ஒலிப்பது எனக்கே கேட்டது.

அவர் குழந்தையை முன்பக்கம் திருப்பித் தூக்கிக்கொண்டார். “எங்கள் ஊரிலும் கோயிலுக்குக் குண்டு வைத்தார்கள். அன்று எங்களை வீட்டுக்குள் எடுத்துக் கதவைப் பூட்டி, வாசலில் தானே உட்கார்ந்திருந்தவர் பக்கத்து வீட்டு ஹாஜியார். குண்டு வைத்தவனை எனக்குத் தெரியாது. ஹாஜியாரை எனக்குத் தெரியும்” என்றார்.

பிறகு, குற்றம் சாட்டுவதற்காக அல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்: “உங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு உங்களைத் தெரியும்தானே?”

அந்நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து ளுஹர் அதான் எழுந்தது. அந்தச் சாக்கில் விடைபெற்று வெளியேறினேன். சருகு கூட்டிய காவலரும் கைகால் கழுவிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். இருவரும் ஒரே ஸப்பில் நின்று தொழுதோம். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது தொழுகையிலும் என்னை விட்டுப் போகவில்லை.

ஊர் திரும்பிய பின்

எனக்கு ஆங்கிலம் கற்பித்த டீச்சர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அங்கிலிக்கன் கிறிஸ்தவர். ஓய்வுபெற்றுத் தனியாக வாழ்பவர். என் உம்மாவுக்கு அவர் நெடுநாள் தோழி. ஒவ்வொரு நத்தாருக்கும் அவர் வீட்டிலிருந்து கேக் வரும். வைன் சேர்க்காமல் நமக்கென்று தனித் தட்டில் சுட்டது. ஒவ்வொரு பெருநாளைக்கும் எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும். முப்பது வருடமாக ஒரு தடவையும் தவறியதில்லை.

2019இல் தவறியது. ஏப்ரலுக்குப் பிறகு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று வெட்கம். மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது வெட்கத்தோடு மனத்தாங்கலும் சேர்ந்தது. அந்தத் தாக்குதலுக்கும் டீச்சருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. குண்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று உலகமெல்லாம் சொல்லித் திரிந்த நான், அதே நியாயத்தை அவருக்குக் கொடுக்க மறந்தேன். நோன்புப் பெருநாளன்று உம்மா வட்டிலப்பத்தைப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நாளைக்குப் பார்ப்போம்” என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

உயிர்த்த ஞாயிறு எந்த நாளில் வரும் என்பதைக் கிறிஸ்தவர்கள் நிலவை வைத்தே கணிக்கிறார்கள். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அது. அந்த வருடம் அந்த முழுநிலவு நமக்கு ஷஃபான் மாதத்து நடுப்பகுதி. பௌத்த சகோதரர்களுக்கு பக் போயா. ஒரே நிலவை அண்ணாந்து பார்த்து நாள் எண்ணும் மக்கள் நாம். அப்படியிருந்தும் ஒரே தெருவில் எட்டு மாதம் முகம் பாராமல் இருக்கவும் நம்மால் முடிகிறது.

நாடு திரும்பிய மறுவாரம் நத்தார். மொரோக்கோப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கேற்றைத் திறக்கும்போது, தன்ஜாவில் தேவாலய வாசலில் நின்றதைவிடக் கால்கள் தயங்கின.

டீச்சர் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

“டீச்சர்... பிந்திப்போச்சு” என்றேன்.

“ஓம் மகன், நல்லாத்தான் பிந்திப்போச்சு” என்றார். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். பிறகு உம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். இரண்டு வயோதிபப் பெண்களும் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் அழுதார்கள். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் டீச்சர் குசினிக்குள் போய் மூடிய தட்டொன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“வருவீங்களோ வரமாட்டீங்களோ தெரியாது. ஆனா இந்த வருஷமும் உங்களுக்கு வேறயாத்தான் சுட்டேன்” என்றார்.

வாசக சகோதரர்களே, சகோதரிகளே! மக்காவில் வதை தாங்காது ஹிஜ்றத் செய்த ஸஹாபாக்களுக்கு ஹபஷாவின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி அடைக்கலம் கொடுத்ததை நாம் மிம்பரில் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் ஹஸன் காணி கொடுத்ததையும் சொல்லலாம். அவை சரித்திரம். அந்த நைஜீரியப் பெண் கேட்டது சரித்திரத்தை அல்ல. உங்கள் ஊரில் உங்களைத் தெரியுமா என்றுதான் கேட்டார்.

இதை வாசிக்கும் உங்களிலும் சிலருக்கு அப்படியொரு வீடு இருக்கலாம். ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு பயத்தினாலோ வெட்கத்தினாலோ, தட்டுப் போகாமல் நின்றுபோன ஒரு வீடு. அடுத்த பெருநாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று அஸருக்குப் பின் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் எல்லோரது அண்டை அயலையும் அமைதியுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.